மழையில் நடந்த பிறகுதான் மட்டம் புரிந்தது

நான் சிவில் இன்ஜினியர். படிப்பு முடிந்த கையோடு, நிலத்தை மனையாகப் பிரித்து விற்கும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடமும் எனக்கு மட்டம் பார்க்கும் வேலை. காலையில் தரையின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் ஆட்டோ லெவல் கருவியை முக்காலியில் மாட்டினால், வெயில் ஏறும்வரை அளவை வாசிப்பதும் எழுதுவதும்தான். ஸ்டாஃப் என்கிற, அளவுக் கோடு போட்ட நீளக் கம்பைப் பிடிக்க ஒரு பெரியவர் வருவார். அந்த நிலத்திலேயே ஆடு மேய்த்து வளர்ந்தவர்.

ஒருநாள் தென்கிழக்கு மூலைக்குப் போனபோது ஸ்டாஃபில் அளவு திடீரென்று கூடியது. அளவு கூடினால் தரை இறங்குகிறது என்று அர்த்தம். கண்ணுக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. அரை ஏக்கர் அளவுக்கு, அகலமான தட்டு மாதிரி ஒரு பள்ளம், அவ்வளவுதான். பெரியவர் ஸ்டாஃபைத் தோளில் சாய்த்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, மழை பெஞ்சா மூணு நாளைக்கு இங்க தவளை கத்தும். இதை நிரப்பாதீங்க."

"பிளான்ல இங்க மனை வருதுங்கய்யா" என்றேன். அவர் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

கிராவல் மண் கொட்டி, ரோலர் ஓட்டி, மேலே சாலை போட்டோம். அரை ஏக்கர் என்றால் சுமார் 2,000 சதுர மீட்டர். சராசரியாக ஒரு அடி ஆழம் என்று வைத்தாலே அந்தப் பள்ளம் 6 லட்சம் லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். இந்தக் கணக்கை நான் அன்றைக்குப் போடவில்லை. போடச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. ஒரு நிலம் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று எழுதுவதற்கு எங்கள் வரைபடத்தில் இடமே கிடையாது.

சில வருடங்கள் கழித்து, வேலைக்குப் பக்கம் என்று அதே பகுதியில், சரிவுக்குக் கீழ்ப்புறம் ஒரு வீடு வாங்கினேன். அதற்குள் மேலே எல்லா மனையிலும் வீடு வந்துவிட்டது. ஒரு மழை இரவில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. வாசல் வழியாக வரும் என்று சாக்கு மூட்டையை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆனால் முதலில் வந்தது குளியலறையில். தரையில் இருக்கிற சல்லடை மூடியிலிருந்து குமிழ் குமிழாகக் கிளம்பி, ஐந்து நிமிடத்தில் கணுக்கால் அளவு நின்றது. வெளியே வடிகால் நிரம்பி, சாக்கடைக் குழாய் வழியாகப் பின்னோக்கி வந்த தண்ணீர் அது. அம்மாவைக் கட்டிலின் மேல் உட்கார வைத்துவிட்டு வாளியால் இறைத்தபோதுதான் அந்தப் பெரியவர் ஞாபகம் வந்தது. அவர் சொன்ன பள்ளத்துத் தண்ணீர்தான் இப்போது என் வீட்டுக்குள் நிற்கிறது.

நகரங்கள் வளர்வதைப் பற்றிப் பேசும்போது பெரிய எண்கள்தான் முதலில் வரும். 2050-க்குள் உலக மக்களில் 68 சதவீதம் பேர் நகரங்களில் இருப்பார்கள் என்று ஐ.நா. 2018-ல் மதிப்பிட்டது. எண் சரியாகவே இருக்கட்டும். ஆனால் நகரம் அப்படி மொத்தமாக ஒரேநாளில் வளர்வதில்லை. ஒரு பள்ளத்தை நிரப்பலாமா, ஒரு வாசலில் சிமென்ட் போடலாமா, ஒரு சாலையை எத்தனை அங்குலம் உயர்த்தலாம் என்று என்னைப் போன்ற யாரோ ஒருவர் நின்ற நிலையில் முடிவு எடுக்கிறார். அதெல்லாம் சேர்ந்துதான் நகரம். சுற்றுச்சூழலோடு ஒத்துப்போகும் நகரம் வேண்டும் என்றால், புதிதாக என்ன கட்டுவது என்று யோசிப்பதற்கு முன்னால், அந்த நிலம் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலையைக் கெடுக்காமல் இருக்க வேண்டும். பத்து வருடத்தில் நான் வந்து சேர்ந்த இடம் இதுதான்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு நான் செய்த முதல் வேலைக்கு ஒரு செலவும் இல்லை. அடுத்த மழையில் குடையும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தேன். தண்ணீர் எங்கே சேர்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது, எங்கே சுழல்கிறது என்று பார்த்து மொபைலில் படம் எடுத்தேன். மறுநாள் சுவர்களில் தண்ணீர் நின்ற கறையை ஸ்கேலால் அளந்து, தெரு வரைபடத்தில் அம்புக்குறி போட்டேன். மூன்று மழை நடந்து பார்த்த பிறகு, கல்லூரியில் படித்ததைவிட அதிகமாக நீரோட்டம் புரிந்தது. வீடு வாங்கப் போகிறவர்களுக்கும், தெருவுக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: வெயிலில் இடத்தைப் பார்க்காதீர்கள், மழையில் பாருங்கள். மழை இல்லாத காலம் என்றால் பழைய சுவர்களின் அடியைப் பாருங்கள், கறை பொய் சொல்லாது.

அப்புறம் கணக்குக்கு உட்கார்ந்தேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆக, ஒரு ஏக்கரில் 50 மில்லிமீட்டர் பெய்தால் சுமார் 2 லட்சம் லிட்டர். புல்லும் செடியும் உள்ள தளர்ந்த மண்ணாக இருந்தால் இதில் கால்வாசியோ அதற்கும் குறைவோதான் வழிந்து ஓடும், மிச்சம் மண்ணுக்குள் போகும். அதே இடத்தில் கூரையும் கான்கிரீட்டும் தாரும் இருந்தால் பத்தில் எட்டு ஒன்பது பங்கு ஓடிவிடும். அளவு கூடுவது மட்டுமல்ல, வேகமும் கூடுகிறது. முன்பு பல மணி நேரத்தில் மெதுவாக வந்த தண்ணீர், இப்போது கொஞ்ச நேரத்தில் மொத்தமாக வந்து கீழ்ப்புறத்துக் குழாயை முட்டுகிறது. வடிகாலைப் பெரிதாக்கினால் போதும் என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அதற்கும் கீழே இருக்கிற தெரு என்ன செய்யும்?

இதை உணர்ந்து வழியை மாற்றிய நகரங்கள் உண்டு. பிரேசிலின் குரிச்சிபா 1970-களிலேயே, மேயர் ஜெய்மி லெர்னர் காலத்தில், வெள்ளம் தேங்கும் ஆற்றோரத் தாழ்நிலங்களை வீட்டுக்குக் கொடுக்காமல் பூங்காவாக்கியது. மழைக் காலத்தில் அந்தப் பூங்கா நனையும், வீடு நனையாது. கோபன்ஹேகனில் 2011 ஜூலை 2-ம் தேதி இரண்டு மணி நேரத்துக்குள் 150 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. அதற்கு அடுத்த வருடமே, நிலத்தடிக் குழாயை மட்டும் நம்பாமல், தெருக்களையும் சதுக்கங்களையும் தண்ணீர் தங்கிப் போகும் இடங்களாக மாற்றும் திட்டத்தை அந்த நகரம் கொண்டுவந்தது. சிங்கப்பூரில் பிஷான் பூங்காவை ஒட்டி 2.7 கிலோமீட்டருக்கு நேராக ஓடிய கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்து நெளியும் 3.2 கிலோமீட்டர் ஆறாக 2012-ல் ஆக்கி முடித்தார்கள். கால்வாயாக இருந்ததைவிட ஆற்றின் நீளம் அரை கிலோமீட்டர் கூடியிருக்கிறது பாருங்கள். தண்ணீரை அவசரமாக விரட்டாமல் சுற்றிவிட்டு மெதுவாக்கியிருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சீனாவில் 2015-லிருந்து பெரிய அளவில், மழைநீரை நகரமே பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ள வைக்கும் 'பஞ்சு நகரம்' திட்டம் நடக்கிறது. அந்த வேலைகள் நடந்திருந்த செங்சோ நகரில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் பெய்தது. எந்தப் பஞ்சும் அதைத் தாங்காது. சுரங்க ரயிலுக்குள்ளேயே தண்ணீர் புகுந்து உயிர்கள் போயின. மண்ணைத் திறந்துவிட்டால் எல்லா வெள்ளமும் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வருடத்துக்கு நாலைந்து முறை வரும் மழையை மண் சமாளிக்கும். அதற்கு மேல் வரும்போது தண்ணீர் போவதற்கு ஒரு வழியும், ஆட்கள் ஏறி நிற்க ஒரு மேடும் தனியாகவே வேண்டும்.

எங்கள் தெருவுக்கு வருகிறேன். எட்டுக் குடும்பங்கள் சேர்ந்தோம். தெரு ஓரத்தில் சுவரிலிருந்து தார் வரைக்கும் பேவர் பிளாக் பதித்திருந்தது. அதில் இரண்டு அடி அகலத்துக்குப் பெயர்த்து எடுத்துச் செடிப்பாத்தி போடலாம் என்று முடிவு செய்தோம். முதல் தவறு அங்கேயே நடந்தது. ஆள் வைத்துச் செய்த அன்று நான் ஊரில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால், பாத்தியைச் சுற்றி அழகாகக் கல் வைத்து, தெருவைவிட அரை அடி உயரமாக மண் கொட்டியிருந்தார்கள். எல்லாப் பூங்காவிலும் அப்படித்தானே பார்க்கிறோம்! உயரமான பாத்திக்குள் தெருத் தண்ணீர் எப்படி ஏறும்? மறுபடி மண்ணை வாரி, தெருவைவிட அரை அடி பள்ளமாக்கினோம். ஓரக் கல்லில் இரண்டு மீட்டருக்கு ஒரு இடத்தில் ஒரு அடி அகலத்துக்கு வெட்டிவிட்டோம். இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்: தண்ணீர் குடிக்க வேண்டிய பாத்தி தெருவுக்குக் கீழே இருக்க வேண்டும்.

முதல் மழையில் அப்படியும் தண்ணீர் உள்ளே போகவில்லை. வெட்டிய இடத்தைத் தாண்டி நேராக ஓடியது. உட்கார்ந்து ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். வெட்டின வாய்க்கு முன்னால் இருந்த நான்கு பேவர் கற்கள் இரண்டு சென்டிமீட்டர் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. அவ்வளவுதான் விஷயம். அந்த நான்கு கல்லையும் எடுத்து, அடி மணலைச் சுரண்டி, உட்பக்கம் சாய்த்துப் பதித்தோம். அடுத்த மழையில் நானும் எதிர்வீட்டு அக்காவும் குடைக்குள் குனிந்து நின்று பார்த்தோம். பழுப்பு நிறத் தண்ணீர் வாய்க்குள் திரும்பி, பாத்தி முழுக்கப் பரவி, இலைச் சருகுகளைத் தூக்கி மிதக்க வைத்து, மெல்ல மெல்ல இறங்கியது. "உள்ள போகுது பாருங்க, உள்ள போகுது பாருங்க" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார்.

பாத்தி தோண்டுவதற்கு முன்னால் மண் குடிக்குமா என்று சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது. ஒரு அடிக்கு ஒரு அடி, ஒன்றரை அடி ஆழத்தில் குழி எடுங்கள். தண்ணீர் ஊற்றி ஒருமுறை முழுதாக ஊற விடுங்கள். பிறகு மறுபடி நிரப்பி, ஒரு குச்சியில் கோடு போட்டு நட்டு, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மணல் கலந்த மண் சரசரவென்று குடிக்கும். களிமண்ணில் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் கூட இறங்காமல் போகலாம். 24 மணி நேரத்தில் குழி காலியாகவில்லை என்றால் அங்கே உறிஞ்சுகுழி வேண்டாம், தண்ணீரைத் தொட்டியில் சேமிப்பதே நல்லது. ஒரு வாரத்துக்கு மேல் தேங்கினால் கொசு முட்டை பொரித்துப் பறந்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

இன்னொரு பாடம் இரண்டாவது வருடத்தில் வந்தது. தெருமுனையில் ஜல்லி நிரப்பி ஆழமாக ஓர் உறிஞ்சுகுழி போட்டிருந்தோம். முதல் வருடம் அருமையாக இழுத்தது. அடுத்த மழைக்காலத்தில் அப்படியே மேலே நின்றது. தோண்டிப் பார்த்தால் ஜல்லிக்கு நடுவே சாம்பல் நிறத்தில் சேறு கெட்டியாக அப்பியிருந்தது. பக்கத்தில் நடந்த கட்டட வேலையின் எம்சாண்ட் (கல்லை அரைத்த மணல்), சிமென்ட் தூள் எல்லாம் கழுவி வந்து அடைத்துவிட்டது. மொத்த ஜல்லியையும் வெளியே எடுத்துக் கழுவிப் போட்டோம். குழிக்கு முன்னால் சேறு தங்கும் சின்னத் தொட்டி ஒன்றை அப்போதுதான் கட்டினோம். அதை ஆரம்பத்திலேயே கட்டியிருக்க வேண்டும். இப்போது மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, நடுவில் ஒருமுறை அந்தத் தொட்டியை வாருகிறோம். மழைநீர் அமைப்பைக் கட்டிவிட்டுத் திறப்பு விழாவோடு மறந்துபோனால், அது வெறும் மூடி போட்ட ஓட்டைதான்.

மரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தெருவில் இருபது வருடத்து மரம் ஒன்று நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. நோய் என்றார்கள். அடியில் பார்த்தேன். தண்டை ஒட்டி, ஒரு விரல் போகாத அளவுக்குச் சிமென்ட் பூசியிருந்தது. கடப்பாரையால் ஒரு ஓரம் பெயர்த்தபோது அடியில் மண் செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது, ஒரு மண்புழு கூட இல்லை. தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல் ஒரு அடி மண்ணில்தான் இருக்கும். அவற்றுக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். ஆறடிக்கு ஆறடி சிமென்ட்டை எடுத்தோம். வேர் அறுந்துவிடாமல் கையாலேயே மண்ணைக் கிளறி, சருகு உரம் போட்டோம். ஒரு வருடம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வருடம் காய்ந்த கிளைக்குக் கீழேயிருந்து துளிர் வந்தது. ஸ்டாக்ஹோம் நகரில் நடைபாதைக்கு அடியில் பெரிய கற்களை நிரப்பி, இடுக்குகளில் மண்ணும் கரியும் கலந்து போடுகிறார்கள். மேலே ஆள் நடக்கலாம், கீழே வேர் மூச்சு விடலாம். ஆயிரம் கன்று நட்டோம் என்று கணக்குச் சொல்வதைவிட, நின்றுகொண்டிருக்கிற நூறு மரத்தின் காலடியைத் திறந்துவிடுவது பெரிய வேலை என்பது என் தீர்மானமான கருத்து.

வெப்பத்துக்கும் இதே மண்தான் பதில். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுற்றிலும் இருந்து சுமார் 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு பெரிய மரம் நல்ல வெயில் நாளில் இலை வழியாக 100 லிட்டரை ஆவியாக விட்டால் அது 68 யூனிட். ஆனால் மண்ணில் தண்ணீர் இருந்தால்தான் மரம் விடும். மழையை வடிகாலில் விரட்டிவிட்டுக் கோடையில் அனல் அடிக்கிறது என்று புலம்புகிறோம். நகரத்தின் இரவு கிராமத்தைவிடச் சூடாக இருக்கிறது என்பதை 200 வருடத்துக்கு முன்பே லண்டனில் லூக் ஹோவர்ட் என்ற வானிலை ஆய்வாளர் அளந்து காட்டிவிட்டார். அன்றைக்கு ஏசியும் இல்லை, காரும் இல்லை.

சாலை மட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிது போட்டால், ஒவ்வொரு முறையும் தெரு ஐந்து சென்டிமீட்டர் உயரும். நான்கு முறை போட்டால் 20 சென்டிமீட்டர், அதாவது ஒரு படி. வீடு நகராமலே பள்ளத்துக்குப் போய்விடும். அடுத்தமுறை உங்கள் தெருவுக்குச் சாலை போட வரும்போது, வேலை தொடங்குவதற்கு முன்பே, பழைய அடுக்கை இயந்திரத்தால் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் போடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். சுரண்டிய தாரும் வீணாகாது, மறுபடி கலந்து போடலாம். கேட்கும்போது உங்கள் வாசல் மட்டத்தைச் சுவரில் ஒரு கோடாகக் குறித்துப் படம் எடுத்து இணையுங்கள். எங்கள் தெருவில் அந்தப் படம்தான் வேலை செய்தது.

எல்லோரும் தனி வீடும் தோட்டமும் வைத்துக்கொண்டால் மண் பிழைத்துவிடும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். மனைப்பிரிவு வேலை அந்த நினைப்பை மாற்றியது. அறுபது வீட்டுக்கு நாங்கள் போட்ட சாலையின் பரப்பை ஒருநாள் கூட்டிப் பார்த்தேன். கூரைகளின் மொத்தப் பரப்பைவிட அது பெரிதாக இருந்தது. தூரம் கூடக் கூட சாலை, சாலை கூடக் கூட வண்டி, வண்டி கூடக் கூட நிறுத்துமிடம். எல்லாமே மண்ணை மூடுகிற வேலை. அதே அறுபது குடும்பம் நான்கு மாடிகளில், பஸ்ஸுக்கும் பள்ளிக்கும் நடந்துபோகும் தூரத்தில் இருந்தால் பெரும்பகுதி நிலம் திறந்தே கிடக்கும். ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் பழைய ராணுவ முகாம் இருந்த வாபான் பகுதியை அப்படித்தான் அமைத்தார்கள். டிராம் பக்கத்தில், கார் நிறுத்துமிடம் ஓரத்தில், வீடுகளுக்கு நடுவே பசுமை. நெருக்கமாகக் கட்டுவதும் பசுமையும் எதிரிகள் அல்ல. நெருக்கமாகக் கட்டிவிட்டு, மிச்சமான மண்ணையும் நிறுத்துமிடமாக்குவதுதான் கேடு.

இடித்துக் கட்டுவதற்கும் கொஞ்சம் யோசிக்கலாம். உலகின் கார்பன் டை ஆக்சைடில் 7, 8 சதவீதம் சிமென்ட்டிலிருந்து வருகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதல்ல, சுண்ணாம்புக்கல் சுடும்போது கல்லுக்குள்ளிருந்தே வெளியேறுவது. சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அது போகாது. நல்ல நிலையில் இருக்கிற கட்டடத்தை வைத்துக்கொண்டு பழுது பார்ப்பதுதான் குறைந்த கார்பன். நான் இப்போது வேலை செய்யும் இடத்தில் இடிக்கும் முடிவுக்கு முன்னால் தூண்களின் உறுதியைச் சோதிக்கச் சொல்கிறேன். பாதிக்குப் பாதி கட்டடம் இடிபடாமல் தப்பி நிற்கிறது.

அந்தப் பெரியவரை அப்புறம் நான் பார்க்கவில்லை. ஆனால் இன்றைக்கு எந்த நிலத்துக்கு மட்டம் பார்க்கப் போனாலும், கருவியை மாட்டுவதற்கு முன்னால் அங்கே வெகுநாள் இருக்கிற ஒருவரைத் தேடிப் பிடித்து, மழையில் எங்கே தண்ணீர் நிற்கும் என்று கேட்டு, வரைபடத்தில் அந்த இடத்தை நீல மையால் வளைத்துவிடுகிறேன். பூங்காவுக்கு விட வேண்டிய நிலத்தை எதற்கும் உதவாத மூலையில் ஒதுக்குவதற்குப் பதில் அந்த நீல வளையத்துக்குள் ஒதுக்கச் சொல்லி வாதாடுகிறேன். சில நேரம் ஒப்புக்கொள்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஆறு பாத்தியும் இரண்டு குழியும் ஆனபிறகு, சாதாரண மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வருவதில்லை. கிழக்கு முனையில் இரண்டு வீடுகளுக்கு மட்டும் இன்னும் வாசற்படி நனைகிறது. போன வாரம் போய் மட்டம் எடுத்தேன். அங்கே இருக்கிற வேகத்தடை, தண்ணீர் போகும் வழிக்கு நான்கு சென்டிமீட்டர் மேலே நிற்கிறது. அடுத்த மழைக்குள் அதன் ஓரத்தில் ஒரு வாய் வெட்ட அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம்.